பரிசாகக் கொடுக்க ஆப்பிள் சாஸ்: வேகவைப்பது முதல் ஜாடியில் அடைப்பது வரை

ஆப்பிளை நறுக்கி, கொஞ்சம் தண்ணீர் விட்டு, குழைய வேகவைத்து மசித்தால் ஆப்பிள் சாஸ் தயார். செய்முறை இந்த ஒரு வரிதான். அடுப்பங்கரைப் பக்கமே போகாதவர்கூட முதல் தடவையிலேயே நன்றாகச் செய்துவிடுவார். அதைக் கண்ணாடி ஜாடியில் அடைத்து, மாதக்கணக்கில் அலமாரியில் வைத்திருந்து, ஒருநாள் இன்னொருவர் கையில் கொடுக்கலாம் என்று நினைக்கும்போதுதான் கற்றுக்கொள்ள வேண்டிய விஷயங்கள் வருகின்றன.

நம் வீட்டுக்குச் செய்வதும் பரிசாகக் கொடுக்கச் செய்வதும் ஒன்றல்ல. நாம் செய்ததில் எங்கே அவசரப்பட்டோம், எந்த ஜாடியின் மூடி சரியாக உட்காரவில்லை என்பது நமக்குத் தெரியும். சந்தேகம் வந்தால் முகர்ந்து பார்த்துக் கொட்டிவிடுவோம். வாங்கிக்கொண்டவருக்கோ ஜாடியும் அதில் கட்டியிருக்கும் ரிப்பனும்தான் தெரியும். நம்பி அப்படியே குழந்தைக்கு ஊட்டிவிடுவார். அதனால் இந்த வேலையை நான் இரண்டாகப் பிரித்துக்கொள்கிறேன். சுவை சம்பந்தப்பட்டதில் எல்லாம் இஷ்டம்போல விளையாடலாம். ஜாடியில் அடைப்பது சம்பந்தப்பட்டதில் சொன்னதை அப்படியே செய்ய வேண்டும், ஒரு நிமிடம்கூடக் குறைக்காமல். எது எந்தப் பக்கம் என்று போகிறபோக்கில் சொல்லிக்கொண்டே வருகிறேன்.

முதலில் ஆப்பிளை ஏன் நம்பலாம்

உணவை ஜாடியில் அடைத்துக் கொதிநீரில் வைத்துக் காக்கலாம் என்று கண்டுபிடித்தவர் பிரான்சு நாட்டு மிட்டாய்க்காரர் நிக்கோலா அப்பேர். இதற்காக 1810-ல் அந்த நாட்டு அரசு அவருக்கு 12,000 ஃபிராங்க் கொடுத்தது. அவருக்குச் செய்யத் தெரிந்திருந்ததே தவிர, அது ஏன் கெடாமல் இருக்கிறது என்பது தெரியாது. கண்ணுக்குத் தெரியாத கிருமிகளால்தான் உணவு கெடுகிறது என்று லூயி பாஸ்டர் காட்டியது அரை நூற்றாண்டு கழித்து.

ஜாடியில் அடைக்கும்போது நாம் பயப்பட வேண்டிய கிருமி ஒன்று உண்டு: கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம். மண்ணில் இருப்பது. அதன் வித்துகள் கொதிநீரிலும் சாகாது. காற்றில்லாத இடம் கிடைத்தால் முளைத்து, உயிரைக் கொல்லக்கூடிய நஞ்சை உண்டாக்கும். காற்றை வெளியேற்றி மூடிய ஜாடி அதற்குத் தோதான இடம். ஆனால் புளிப்பு இருக்கும் இடத்தில் அது வளராது. கணக்காகச் சொன்னால், அமிலத்தன்மையைக் குறிக்கும் பிஹெச் அளவு (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.6-க்குக் கீழே இருந்தால் போதும். ஆப்பிளுடையது ஏறத்தாழ 3.3-லிருந்து 4.0 வரை. அந்தப் புளிப்பு இருப்பதால்தான் அழுத்தப் பாத்திரம் எதுவும் இல்லாமல், ஒரு பெரிய பானை நிறையக் கொதிநீரை வைத்துக்கொண்டே இந்த வேலையை முடிக்க முடிகிறது.

ஜாடியில் அடைக்கும் சாஸில் வாழைப்பழம், பூசணி, கேரட் என்று எதையாவது சேர்த்துப் பார்க்கலாமா என்ற ஆசைக்குத் தடை விழுவதும் இதே காரணத்தால்தான். அவை புளிப்பைக் குறைத்துவிடும். சேர்த்துச் செய்யலாம், குளிர்பதனப் பெட்டியில் வைத்துச் சில நாளில் சாப்பிட்டு முடிக்கலாம். அலமாரிக்குப் போகக் கூடாது. கெட்டியாக வர மாவு கரைத்து ஊற்றுவதும் ஆகாது. மாவு சேர்ந்தால் ஜாடியின் நடுப்பகுதிவரை சூடு ஏறத் தாமதமாகும், அப்போது கீழே நான் சொல்லப்போகும் நிமிடக் கணக்கு பொய்த்துவிடும். வெண்ணெய்க்கும் அதே பதில்தான்.

சர்க்கரையைப் பற்றி ஒரு வார்த்தை. சர்க்கரைதான் கெடாமல் காக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஜாமுக்கு அது ஓரளவு பொருந்தும். ஆப்பிள் சாஸைக் காப்பது பழத்தின் புளிப்பும், கொதிநீரின் சூடும், காற்றுப் புகாத மூடியும். சர்க்கரை நாக்குக்காக மட்டும். முழுக்க விட்டுவிடலாம்.

எந்த ஆப்பிள், எவ்வளவு

ஒரே ரகத்தில் செய்தால் சாஸ் சப்பென்று இருக்கும். இனிப்பு ரகம் மூன்று பங்குக்குப் புளிப்பு ரகம் ஒன்று முதல் இரண்டு பங்கு என்று கலந்துகொண்டால் தனியாகச் சர்க்கரையும் வேண்டாம், எலுமிச்சையும் வேண்டாம். இனிப்புக்கு காலா, ஃபியூஜி, கோல்டன் டெலிஷியஸ். புளிப்புக்குப் பச்சை நிற கிரானி ஸ்மித். மெக்கின்டாஷ் கிடைத்தால் விடாதீர்கள், வேகும்போதே தானாகக் கரைந்துவிடும். ரெட் டெலிஷியஸைப் பார்க்க அழகாக இருக்கும், பச்சையாகக் கடித்துச் சாப்பிடவும் ஆகும். ஆனால் புளிப்பு குறைவு, வெந்தால் மணமும் போய்விடும். அதை மட்டும் வைத்துச் செய்ய நான் சொல்ல மாட்டேன்.

அடிபட்ட பழம் மலிவாகக் கிடைத்தால் வாங்கலாம். கன்றிப்போன பாகத்தை வெட்டி எறிந்தால் போதும். பூஞ்சை பிடித்த பழம், அழுகிய பழம் வேண்டவே வேண்டாம். பூஞ்சை படர்ந்தால் பழத்தின் புளிப்பே குறையக்கூடும், நாம் நம்பியிருக்கும் காவல் அங்கேயே போய்விடுகிறது.

அளவு: சுலபமாக நினைவில் வைத்துக்கொள்ள, ஒரு குவார்ட் ஜாடிக்கு (ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு) ஏறத்தாழ 1.4 கிலோ ஆப்பிள். பைன்ட் ஜாடி அதில் பாதி, அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவு. அரைப் பைன்ட் அதிலும் பாதி. முதல் தடவை 4 கிலோவுக்கு மேல் போகாதீர்கள். பைன்ட் ஜாடி ஆறு கிடைக்கும், அரைப் பைன்ட் என்றால் பன்னிரண்டு. பரிசுக்கு அரைப் பைன்ட்தான் என் தேர்வு. தனியாக இருப்பவரும் திறந்த சில நாளில் முடித்துவிடுவார். குவார்ட் ஜாடியைக் கொடுத்தால் பாதி வீணாகும்.

ஜாடியும் மூடியும்

இந்த ஒரு இடத்தில் காசு பார்க்க வேண்டாம். வீட்டில் உணவைப் பதப்படுத்தவென்றே செய்யப்பட்ட, திருகு வளையமுள்ள கண்ணாடி ஜாடிதான் வேண்டும். மேசன் ஜாடி என்பார்கள். ஜான் லாண்டிஸ் மேசன் என்பவர் 1858-ல் இந்தத் திருகுக் கழுத்துக்குக் காப்புரிமை வாங்கியதால் வந்த பெயர். கடையில் வாங்கிய ஜாம் பாட்டில் காலியாகிக் கிடக்கிறதே, அதைக் கழுவி உபயோகிக்கலாமே என்று கை போகும். அந்தக் கண்ணாடி மெல்லியது, மூடியும் ஒருமுறை உபயோகத்துக்கானது. பொத்தானும் ஊசியும் போட்டு வைக்க நன்றாக இருக்கும்.

மூடி இரண்டு துண்டாக வரும். ஒன்று தட்டையான உலோகத் தட்டு; அதன் அடிப்புற விளிம்பில் ரப்பர் போன்ற ஒரு பூச்சு வளையமாக ஓடும். இன்னொன்று அதைப் பிடித்துக்கொள்ளும் திருகு வளையம். காற்றைத் தடுப்பது தட்டின் பூச்சு. அது ஒருமுறை அழுந்திவிட்டால் மறுமுறை உதவாது, ஆகவே தட்டு ஒவ்வொரு தடவையும் புதிது. வளையமும் ஜாடியும் துரு ஏறும்வரை, உடையும்வரை திரும்பத் திரும்ப வரும்.

வேலை ஆரம்பிக்கும் முன் ஒவ்வொரு ஜாடியின் வாயையும் விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத சின்னச் சில்லு பெயர்ந்திருந்தாலும் விரலுக்குத் தெரிந்துவிடும். அப்படி ஒன்று இருந்தால் அந்த ஜாடி இந்த வேலைக்கு லாயக்கில்லை.

மற்றபடி வேண்டியவை: ஜாடிகள் முழுக முழுக நின்று, அதற்கு மேலும் தண்ணீர் கொதிக்க இடமிருக்கும் ஆழமான பானை. அடியில் போட ஒரு கம்பித் தட்டு. ஜாடியைத் தூக்கும் இடுக்கி. அகன்ற வாய்ப் புனல். கம்பித் தட்டை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். முதல் தடவை நான் அது இல்லாமலே செய்தேன். ஜாடியைத் தூக்கினேன், சுவர் மட்டும் கையோடு வந்தது. அடிப்பாகம் பானையிலேயே நின்றுவிட்டது. கம்பித் தட்டு இல்லையென்றால் பழைய திருகு வளையங்களைக் கம்பியால் ஒன்றோடொன்று பிணைத்துப் போட்டாலும் சரி, மடித்த துணியைப் போட்டாலும் சரி. ஜாடியின் அடி பானையின் அடியைத் தொடக் கூடாது, அவ்வளவுதான்.

வேகவைத்து மசிப்பது

பழத்தில் கை வைக்கும் முன்பே ஜாடிப் பானையில் பாதித் தண்ணீர் ஊற்றி, கழுவிய ஜாடிகளை உள்ளே வைத்து மிதமான சூட்டில் ஏற்றிவிடுங்கள். சாஸ் தயாராகும்போது ஜாடிகள் சூடாக இருக்க வேண்டும். தனியாகக் கிருமிநீக்கம் செய்யத் தேவையில்லை. பத்து நிமிடமோ அதற்கு மேலோ கொதிநீரில் வைக்கப்போகும் ஜாடிக்கு அந்த வேலை அங்கேயே நடந்துவிடும். தட்டு மூடிகளையும் கொதிக்க வைக்காதீர்கள், பூச்சு இளகிவிடும். சோப்புத் தண்ணீரில் கழுவி வைத்தால் போதும். பெட்டியில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதன்படி. தண்ணீரில் உப்புப் படியும் ஊராக இருந்தால் பானையில் இரண்டு மேசைக்கரண்டி வினிகர் ஊற்றுங்கள். இல்லாவிட்டால் ஜாடி முழுக்க வெள்ளைப் படலம் படிந்து, பரிசுக்குத் துடைத்துத் துடைத்துக் கை ஓய்ந்துவிடும்.

இப்போது ஆப்பிள். மசிக்க உங்களிடம் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து இரண்டு வழி. கையால் சுற்றும் சல்லடை மசிப்பான் இருந்தால் தோலோடு, நடுக்கூட்டோடு நான்காக வெட்டிப் போட்டு வேகவைக்கலாம். தோலும் விதையும் சல்லடையிலேயே நின்றுவிடும். சிவப்புத் தோலோடு வெந்த சாஸ் இளஞ்சிவப்பாக வரும். கண்ணாடி ஜாடியில் அந்த நிறத்தைப் பார்த்துவிட்டால் பிறகு வெளிறிய சாஸ் செய்ய மனம் வராது. மசிப்பான் இல்லையென்றால் தோல் சீவி, விதைக்கூட்டை எடுத்துவிட்டு, சின்னதாக நறுக்கிக்கொள்ளுங்கள். வெந்ததும் மத்தால் மசித்தால் திப்பி திப்பியாக வரும். மிக்ஸியில் ஒரு சுற்று விட்டால் மழமழவென்று வரும். திப்பியாக இருப்பதுதான் எனக்குப் பிடிக்கும், கையால் செய்தது என்று பார்த்தவுடன் தெரியும். சூடான சாஸை மிக்ஸியில் அடிப்பதாக இருந்தால் பாதி ஜாருக்கு மேல் ஊற்றாதீர்கள், ஆவி மூடியைத் தூக்கி எறியும்.

நறுக்கிய ஆப்பிள் கறுக்கும். பழத்திலுள்ள ஒரு நொதி காற்றோடு சேர்ந்து செய்யும் வேலை அது; சுவைக்கு ஒன்றும் ஆகாது, நிறம்தான் மங்கும். ஒரு காலன், அதாவது நான்கு லிட்டருக்குச் சற்றுக் குறைந்த தண்ணீரில் ஒரு தேக்கரண்டி அஸ்கார்பிக் அமில (வைட்டமின் சி) பொடியைக் கரைத்து, நறுக்க நறுக்க அதில் போட்டுவைக்கலாம். வேகவைக்கும் முன் வடித்துவிடுங்கள்.

அடி கனமான பாத்திரத்தில் ஆப்பிளைப் போட்டு அரை கப் தண்ணீர் விடுங்கள். குறைவாகத்தான் தோன்றும். ஆப்பிளே நீர் விடும், பொறுங்கள். முதல் தடவை செய்பவர்கள் எல்லோரும் இங்கே பயந்துபோய் இரண்டு கப் ஊற்றிவிடுகிறார்கள். பிறகு அந்தத் தண்ணீரை வற்றவைக்க முக்கால் மணி நேரம் அடுப்படியில் நிற்கிறார்கள். அடி பிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருந்தால், ரகத்தையும் பழுத்த பதத்தையும் பொறுத்து 5-லிருந்து 20 நிமிடத்துக்குள் குழைந்துவிடும். கரண்டியால் அழுத்தினால் எதிர்ப்பில்லாமல் நசுங்க வேண்டும். அதுதான் பதம்.

மசித்தாயிற்றா, சுவை பாருங்கள். இங்கேதான் விளையாடலாம் என்று சொன்னேன். சர்க்கரை வேண்டுமென்றால் குவார்ட்டுக்கு இரண்டு மேசைக்கரண்டியில் ஆரம்பித்துக் கூட்டுங்கள். புளிப்பு போதவில்லை என்றால் எலுமிச்சைச் சாறு. பட்டைத்தூள், ஜாதிக்காய், கிராம்பு எதுவும் ஆகும், ஆனால் கையை அடக்கிப் போடுங்கள்: கிராம்பின் காரம் ஜாடிக்குள் நாளாக ஆக ஏறும், இன்று சரியாக இருப்பது மூன்று மாதம் கழித்து நாக்கைச் சுடும். பாதி அளவை எதுவும் சேர்க்காமல் வெறுமனே விட்டுவைப்பது என் வழக்கம். குழந்தைகள் உள்ள வீட்டுக்கு அது. தேன் சேர்ப்பதாக இருந்தால் சீட்டில் கட்டாயம் எழுத வேண்டும். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது, முன்பு சொன்ன அதே கிருமியின் வித்து தேனில் இருக்கலாம் என்பதால்.

பிறகு சாஸை மறுபடி அடுப்பில் ஏற்றித் தளதளவென்று கொதிக்கவிடுங்கள். முழுக்கை சட்டை போட்டுக்கொள்ளுங்கள், வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. கெட்டியான சாஸ் தண்ணீர்போலக் கொதிக்காது. அடியில் ஆவி திரண்டு, குபுக்கென்று எரிமலைக் குழம்புபோலத் தெறிக்கும். தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். நீளக் கைப்பிடிக் கரண்டியால் தள்ளி நின்று கிண்டுங்கள்.

ஜாடியில் அடைப்பது

இங்கிருந்து விளையாட்டு கிடையாது.

சூடான ஜாடி ஒன்றை வெளியே எடுத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மடித்த துணிமேல் வையுங்கள். குளிர்ந்த கல்மேடையில் வைத்தால் விரிசல் விடும். புனலைப் பொருத்திக் கொதிக்கும் சாஸை ஊற்றுங்கள். வாய்வரை நிரப்பக் கூடாது. விளிம்பிலிருந்து அரை அங்குலம், அதாவது ஒன்றேகால் சென்டிமீட்டர், காலியாக இருக்க வேண்டும். அதைவிடக் குறைத்தால் கொதிக்கும்போது சாஸ் பொங்கி மூடிக்கும் கண்ணாடிக்கும் நடுவே போய்விடும், மூடி ஒட்டாது. அதிகமாக விட்டால் உள்ளே இருக்கும் காற்று முழுதாக வெளியேறாது.

கெட்டியான சாஸுக்குள் காற்றுக் குமிழிகள் சிக்கிக்கொண்டிருக்கும். ஒரு மெல்லிய மரக்குச்சியை ஜாடியின் சுவரோரமாக விட்டு மேலும் கீழும் ஒரு சுற்று வாருங்கள். உலோகக் கத்தி வேண்டாம், கண்ணாடியில் கீறல் விழும். குமிழி போனதும் மட்டம் இறங்கியிருந்தால் நிரப்பிக்கொள்ளுங்கள். பிறகு ஈரத்துணியால் ஜாடியின் வாயைச் சுத்தமாகத் துடைக்க வேண்டும். ஒரு துளி சாஸ் விளிம்பில் ஒட்டியிருந்தாலும் அந்த ஜாடி போச்சு.

தட்டு மூடியை வைத்து வளையத்தைத் திருகுங்கள். எவ்வளவு இறுக்கம் என்பதில்தான் புதியவர்கள் தவறுகிறார்கள். பலம் கொண்ட மட்டும் முறுக்கக் கூடாது. விரல் நுனியால் திருகி, தடை தட்டியதும் நிறுத்திவிடுங்கள். கொதிநீரில் இருக்கும்போது ஜாடிக்குள்ளிருக்கும் காற்று மூடியைச் சற்றே தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டும். குளிரும்போது மூடி கீழ்நோக்கி இழுக்கப்பட்டு ஒட்டிக்கொள்ளும். வழியை அடைத்துவிட்டால் மூடி மடிந்துபோகும்.

ஒரு ஜாடியை முடித்துப் பானையில் வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். எல்லாம் உள்ளே போனதும் ஜாடிகளுக்கு மேல் குறைந்தது ஒரு அங்குலம், இரண்டரை சென்டிமீட்டர், தண்ணீர் நிற்க வேண்டும். போதாவிட்டால் சுடுதண்ணீர் ஊற்றுங்கள். பானையை மூடி, தீயைக் கூட்டுங்கள். நேரத்தை எண்ண ஆரம்பிப்பது ஜாடியை வைத்த நிமிடத்திலிருந்து அல்ல. தண்ணீர் முழுவீச்சில் கொதித்துப் புரள ஆரம்பித்த நிமிடத்திலிருந்து.

இதற்கான நேரத்தை அமெரிக்க வேளாண்மைத் துறை சோதித்துப் பட்டியலாகவே கொடுத்திருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் உயரம் வரை பைன்ட் ஜாடிக்கு 15 நிமிடம், குவார்ட்டுக்கு 20. அதற்கு மேல் 900 மீட்டர் வரை பைன்ட்டுக்கு 20, குவார்ட்டுக்கு 25. 900-லிருந்து 1,800 மீட்டர் வரை பைன்ட்டுக்கு அதே 20, குவார்ட்டுக்கு 30. அதற்கும் மேலே 25, 35. அரைப் பைன்ட் ஜாடிக்குப் பைன்ட்டின் நேரத்தையே வையுங்கள், சின்னது என்று குறைக்காதீர்கள். உயரம் போகப் போக நேரம் கூடுவதற்குக் காரணம், மேலே காற்றழுத்தம் குறைந்து தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடுவது. 300 மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி குறையும். கொதிக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும், ஆனால் சூடு குறைவு. உங்கள் ஊர் எவ்வளவு உயரம் என்று ஆரம்பிக்கும் முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

நடுவில் கொதி அடங்கிவிட்டால்? மறுபடி கொதி வந்ததிலிருந்து முதலிலிருந்து எண்ண வேண்டும். எரிச்சலாகத்தான் இருக்கும்.

இந்தக் கொதிநீர் வேலையைத் தவிர்க்க ஆளுக்கு ஒரு குறுக்குவழி சொல்வார்கள். சூடான சாஸை ஊற்றி மூடி ஜாடியைத் தலைகீழாகக் கவிழ்த்தால் போதும் என்பார்கள், ஓவனில் வைத்துச் சூடாக்கலாம் என்பார்கள். கவிழ்த்தாலும் மூடி 'டப்' என்று ஒட்டும், உண்மைதான். ஆனால் ஒட்டுவது வேறு, உள்ளே கிருமி சாவது வேறு. மேலே தங்கியிருக்கும் காற்றில் இருக்கும் பூஞ்சைக்கு அந்தச் சூடு போதாது. ஓவனில் சூடு சீராகப் போவதில்லை, ஜாடி வெடிப்பதும் உண்டு. பாட்டி காலத்திலிருந்து இப்படித்தான் செய்கிறோம், ஒன்றும் ஆகவில்லை என்று சொல்பவரிடம் நான் வாதாடுவதில்லை. பரிசாகக் கொடுக்கும் ஜாடியில் அந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம் என்பதுதான் என் கட்சி.

ஆறவிட்டுப் பார்ப்பது

நேரம் முடிந்ததும் அடுப்பை அணைத்து, பானை மூடியைத் திறந்து, ஐந்து நிமிடம் சும்மா விடுங்கள். உடனே தூக்கினால் உள்ளே கொதித்துக்கொண்டிருக்கும் சாஸ் மூடி வழியே கசியும். பிறகு இடுக்கியால் நேராக, சாய்க்காமல் தூக்குங்கள். மூடியின் மேல் தண்ணீர் தேங்கி நிற்கும், அதைக் கொட்டச் சாய்க்க வேண்டும் என்று கை துறுதுறுக்கும். விடுங்கள், தானே உலர்ந்துவிடும். காற்று வீசாத இடத்தில், துணி விரித்து, ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு வையுங்கள். வளையத்தை மறுபடி இறுக்காதீர்கள். 12-லிருந்து 24 மணி நேரம் தொடவே வேண்டாம்.

கொஞ்ச நேரத்தில் 'டிங்' 'டிங்' என்று சத்தம் வர ஆரம்பிக்கும். மூடிகள் ஒவ்வொன்றாக உள்வாங்கும் சத்தம். நாள் முழுக்க நின்று செய்த வேலைக்கு இதுதான் கூலி. நான் எண்ணிக்கொண்டே பாத்திரம் கழுவுவேன்.

மறுநாள் சோதனை. மூடியின் நடுவில் விரலால் அழுத்துங்கள். அசையக் கூடாது, குழிந்து, இறுகி நிற்க வேண்டும். அழுத்தினால் இறங்கி, விட்டால் மேலே எழும்பினால் ஒட்டவில்லை என்று அர்த்தம். அடுத்து வளையத்தைக் கழற்றிவிட்டு, தட்டு மூடியின் விளிம்பை விரல் நுனிகளால் பிடித்து ஜாடியை மேசையிலிருந்து ஓர் அங்குலம் தூக்கிப் பாருங்கள். ஒட்டியிருந்தால் ஜாடி கூடவே வரும். ஒட்டாத ஜாடியைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை, அது குளிர்பதனப் பெட்டிக்கு, அதாவது உங்கள் வீட்டுக்கு. 24 மணி நேரத்துக்குள் என்றால் புது மூடி போட்டு, சாஸை மறுபடி கொதிக்கவைத்து, முழு நேரமும் கொதிநீரில் வைத்து இன்னொரு தடவை முயலலாம். ஒரு ஜாடிக்காக அவ்வளவு மெனக்கெடுவதைவிடச் சாப்பிட்டுவிடுவது சுலபம்.

ஜாடியின் வெளிப்புறத்தைக் கழுவித் துடைத்து, வளையம் இல்லாமலே, வெளிச்சம் படாத குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். 10-லிருந்து 21 டிகிரி செல்சியஸ் இருந்தால் நல்லது. வளையத்தை ஏன் கழற்ற வேண்டும்? அடியில் ஈரம் தங்கித் துரு பிடிக்கும் என்பது ஒன்று. முக்கியமானது இன்னொன்று: உள்ளே ஏதாவது கெட்டு வாயு உண்டானால், வளையம் இல்லாத மூடி எழும்பி நமக்குக் காட்டிக்கொடுக்கும். வளையம் இருந்தால் அது மூடியைப் பிடித்து அமுக்கி விஷயத்தை மறைத்துவிடும். ஒரு வருடத்துக்குள் சாப்பிட்டால் நிறமும் மணமும் நன்றாக இருக்கும். மேல் பக்கம் மட்டும் கொஞ்சம் பழுப்பேறியிருந்தால் பயம் வேண்டாம், மேலே தங்கிய காற்றின் வேலை அது.

கொடுக்கும்போது

அலங்காரம் அவரவர் ரசனை. ஒரு துண்டுத் துணியை வட்டமாக வெட்டி மூடிமேல் போட்டு வளையத்தைத் திருகினால் அழகாக இருக்கும், வளையம் வழியில் மூடிக்குக் காவலாகவும் இருக்கும். இதைக் கொடுக்கும் நாளன்று செய்தால் போதும். அதற்கு முன் எல்லா மூடிகளையும் இன்னொரு தடவை அழுத்திப் பாருங்கள்.

சீட்டு எழுதுவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். என்ன பொருள், உள்ளே என்னென்ன சேர்ந்திருக்கிறது, எந்தத் தேதியில் செய்தது, திறந்தபின் குளிர்பதனப் பெட்டியில் வைத்து ஒரு வாரத்தில் முடித்துவிடவும். இவ்வளவு போதும். சர்க்கரை சேர்க்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். ஆனால் "சர்க்கரை நோயாளிகளுக்கு ஏற்றது" என்றெல்லாம் எழுதிவிடாதீர்கள், ஆப்பிளுக்குள்ளேயே போதுமான இனிப்பு உண்டு. சீட்டை மூடியில் ஒட்டாமல் ஜாடியின் பக்கவாட்டில் ஒட்டுங்கள். மூடி குப்பைக்குப் போகும்போது தேதியும் கூடவே போய்விடும்.

பழக்கமில்லாதவருக்குக் கொடுக்கும்போது வாயால் ஒரு விஷயம் சொல்லிவிடுங்கள்: திறக்கும்போது மூடி கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், கரண்டி முனையால் நெம்பினால் 'புஸ்' என்று காற்று உள்ளே இழுபடும் சத்தம் கேட்க வேண்டும். மூடி உப்பியிருந்தாலோ, தானாகக் கழன்று வந்தாலோ, திறந்ததும் சாஸ் பீறிட்டாலோ, வாடை மாறியிருந்தாலோ நாக்கில் வைத்துக்கூடப் பார்க்காமல் எறிந்துவிட வேண்டும். எனக்கு மனக்கஷ்டமாக இருக்குமே என்று நினைக்க வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். நாம் கையால் செய்து கொடுத்தது என்பதாலேயே சிலர் தயங்கித் தயங்கிச் சாப்பிட்டுவிடுவார்கள்.

காலி ஜாடியைத் திருப்பிக் கேட்கலாமா என்று என்னிடம் கேட்டால், நெருங்கியவர்களிடம் கேட்கலாம். கழுவித் திருப்பிக் கொடுப்பவர்களின் பெயரை நான் ஒரு தாளில் குறித்து வைத்திருக்கிறேன். அடுத்த தடவை முதல் ஜாடி அவர்களுக்கு. தட்டு மூடியை மட்டும் அவர்கள் குப்பையில் போட்டுவிடலாம்.